ஜன்னலைத் திறக்கவா, மூடவா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயில், மீதியில் பெரும்பகுதி காட்டுத்தீப் புகை. ஒரே கேள்வியைப் பலரும் கேட்டிருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். வீட்டுப் பெரியவர்களின் நோய்நொடியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை. ஒன்று மட்டும் முதலிலேயே: இங்கே சொல்வதெல்லாம் பொதுவானது. தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தீ எரிவது எங்கேயோ தூரத்தில். ஆனால் வீட்டுக்குள் புகை. வெளியே 38 டிகிரி வெயில், எங்களிடம் ஏசி கிடையாது. ஜன்னலை மூடினால் வெந்து போகிறோம், திறந்தால் கண் எரிகிறது. எதைத்தான் செய்வது?

பதில்: வெயிலை முதலில் பாருங்கள், புகையை அடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வரிசை. உடம்பு சூடேறினால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்குப் புகையின் கெடுதல் நாள் கணக்கில் சேர்வது. ஆனால் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இந்த வரிசை பொருந்தாது, இரண்டுமே உடனடி ஆபத்து. அவர்கள் இருக்கும் வீட்டில் ஜன்னலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல், ஏசியும் வடிகட்டிய காற்றும் உள்ள நூலகமோ உறவினர் வீடோ ஏதோ ஓர் இடத்துக்கு, நாளின் மிக மோசமான சில மணி நேரத்துக்காவது அழைத்துப் போய்விடுங்கள். நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை, உடம்பு கொஞ்சம் ஆறுவதற்கு அந்த நேரம் போதும்.

சரி, ஜன்னலுக்கு வருவோம். வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே சூடு அதிகமாக இருக்கும்வரை திறப்பதில் ஒரு லாபமும் இல்லை, வெக்கையும் வரும் புகையும் வரும். ஆகவே பகலில் குழப்பமே வேண்டாம், மூடிவிடுங்கள். திரை போடுவதாக இருந்தால் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மறைப்பது நல்லது, உள்பக்கத் திரை வெயில் உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது. குழப்பம் ராத்திரியில்தான். வெளியே குளிர்ந்திருக்கும், ஆனால் சில இரவுகளில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையையும் அப்படியே அமுக்கி வைத்துவிடும், விடியற்காலை மத்தியானத்தைவிட மோசமாக இருக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துத் திறக்காமல், ஆப்பில் காட்டும் காற்றுத் தர எண்ணைப் (எண் கூடினால் காற்று மோசம்) பார்த்துத் திறங்கள். எண் இறங்கிய ஒரு மணி நேரம் கிடைத்தால்கூட எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வீட்டுச் சூட்டை விரட்டிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம்.

கனடாவில் 2021 ஜூன் 29 அன்று லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது, அந்த நாட்டிலேயே அதுதான் உச்சம். மறுநாள் தீ வந்து ஊரின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. செய்திகளில் எல்லோரும் பார்த்தது எரிந்த ஊரைத்தான். ஆனால் அந்த ஊர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அந்த வெப்ப அலை கொண்டுபோனது 619 பேரை, அவர்களில் 98 சதவீதம் பேர் இறந்தது கட்டடத்துக்குள்ளே, பாதிக்கு மேல் தனியாக வசித்தவர்கள் என்று மாகாணத்தின் மரண விசாரணை அறிக்கை சொல்கிறது. வீட்டுக்குள் இருந்தால் பத்திரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே எத்தனை டிகிரி என்று கேட்டால் எல்லோரும் சொல்கிறோம், படுக்கையறையில் எத்தனை என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு சின்ன அறை தெர்மாமீட்டர் வாங்கி மாட்டுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதிலேயே சுலபமான வேலை அதுதான்.

கேள்வி: புகை வாடை வரவில்லை என்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வாடையாகத் தெரிவது பெரும்பாலும் புகையில் உள்ள வாயுக்கள். நுரையீரலின் அடிவரை போகிற பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளை, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசியை, மூக்கு கண்டுபிடிக்காது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் அது. தவிர, நாள் முழுக்கப் புகையில் இருந்தால் மூக்கு பழகிப்போய் வாடை இல்லை என்றே சொல்லும். ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் துகள் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த அளவு; பெரிய தீ நாட்களில் இது நூறைத் தாண்டிப் போவதுண்டு. ஆப்பில் எண்ணைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள், காற்றுத் தரக் குறியீட்டை நாட்டுக்கு நாடு வேறு மாதிரி கணக்கிடுகிறார்கள். ஒரே காற்றுக்கு இரண்டு ஆப் இரண்டு எண் காட்டினால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. மைக்ரோகிராம் கணக்கும் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள்.

கேள்வி: மாஸ்க் போட்டால் போதுமா? ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது என்கிறாரே என் மாமா.

பதில்: மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஈரத்துண்டு நுண்துகளைத் தடுக்காது. துணி மாஸ்க்கும் அப்படித்தான், ஆஸ்பத்திரியில் போடுகிற நீல நிற மாஸ்க் ஓரளவு. என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று முத்திரை உள்ளதுதான் உருப்படியானது, அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் மட்டும். போட்டுக்கொண்டு வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்குத் தண்டின் பக்கம் காற்று கசிந்து கண்ணாடியில் ஆவி படிந்தால் கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். தாடி இருந்தால் பயன் பெருமளவு போய்விடும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை எந்த என்95-உம் தடுக்காது, ஆகவே மாஸ்க் போட்டிருக்கிறோம் என்று தீக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மாஸ்க்கே கூடாது.

கேள்வி: காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க வசதியில்லை. ஏசி மட்டும் இருக்கிறது. ஏசி போட்டால் புகை வடிகட்டப்பட்டுவிடும்தானே?

பதில்: எந்த ஏசி என்பதைப் பொறுத்தது. சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி பொதுவாக அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றி விடுகிறது, வெளிக்காற்றை இழுப்பதில்லை. ஆனால் அதில் இருக்கும் மெல்லிய வலை பஞ்சுத்தூசியைப் பிடிக்கும், புகைத்துகளைப் பிடிக்காது. ஜன்னல் ஏசியில் வெளிக்காற்று வருவதற்குச் சிறிய மூடி ஒன்று இருக்கும், அதை அடைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலர்தான் சிக்கல், அது வேலை செய்வதே வெளிக்காற்றை உள்ளே இழுத்து. புகை நாளில் அதை ஓட்டினால் நாமே புகையைக் காசு கொடுத்து வரவழைக்கிற மாதிரி.

சுத்திகரிப்பானுக்கு மாற்று உண்டு. 2020-இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பரப்பிய யோசனை, அவர்கள் பெயரிலேயே கோர்சி-ரோசந்தால் பெட்டி என்கிறார்கள். மெர்வ் 13 தரமுள்ள (மெர்வ் என்பது வடிகட்டி எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று சொல்லும் அளவு) சதுர வடிகட்டிகள் நான்கை நான்கு சுவராக நிற்கவைத்து, அடியில் அட்டை, மேலே சதுரப் பெட்டி ஃபேன், அவ்வளவுதான். ஃபேன் காற்றை மேல்நோக்கித் தள்ள வேண்டும். அப்போது அறைக் காற்று நான்கு பக்கமும் வடிகட்டி வழியாகப் பெட்டிக்குள் போகும். வடிகட்டியின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி அச்சடித்திருப்பார்கள், அது பெட்டியின் உள்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஒட்டும்போது நிறையப் பேர் திருப்பி வைத்துவிடுவது அதைத்தான். மூலைகளில் டேப் இடைவெளி விட்டால் காற்று சுலபமான வழியைப் பார்த்து அங்கேதான் போகும், ஆகவே டேப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். வடிகட்டி சாம்பல் நிறமாகிவிட்டால் மாற்றுங்கள். பழைய, மோட்டார் சூடாகிற ஃபேனை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், போட்டுவிட்டு வெளியே போகவும் வேண்டாம்.

வீடு முழுவதையும் சுத்தம் செய்யப் பார்க்காமல் ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுத்துக் கதவைச் சாத்தி, எல்லோரும் அங்கே தூங்குங்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட், எண்ணெய் புகைகிற சமையல் எதுவும் வேண்டாம். ஓசோன் விடும் கருவி காற்றைச் சுத்தப்படுத்தும் என்று விற்றால் வாங்காதீர்கள், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல்.

கேள்வி: 40 டிகிரிக்கு மேல் ஃபேன் போட்டால் ஆபத்து என்று படித்தேன். உண்மையா? அப்படியானால் ஏசி இல்லாதவர்கள் என்ன செய்வது?

பதில்: பாதி உண்மை. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்றை மேலே அடித்தால் உடம்புக்குச் சூடு சேரும். ஆனால் அதே காற்று வியர்வையை ஆவியாக்கிச் சூட்டை எடுக்கவும் செய்கிறது. எது ஜெயிக்கிறது என்பது எவ்வளவு வியர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 40 டிகிரியை எல்லையாகச் சொல்கிறது, வேறு சில அமைப்புகள் இன்னும் கீழே வைக்கின்றன. வயதானவர்களுக்கு வியர்வை குறைவு, அவர்களுக்கு 38-லேயே பலன் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி இல்லாதவர்கள் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். கையையும் கழுத்தையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு ஃபேன் முன் உட்கார்ந்தால் உங்களுக்குப் பதில் அந்த ஈரம் வியர்க்கும். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். பக்கெட் தண்ணீரில் காலை வைத்துக்கொள்வதும் உதவும். ஐஸ் தண்ணீராக இருக்க வேண்டும் என்றில்லை, குழாய்த் தண்ணீர் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். போன் செய்து கேட்டால் "எனக்கு ஒண்ணும் சூடா தெரியலைப்பா" என்கிறார். ஃபேன்கூடப் போடுவதில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: இல்லை, பயப்பட வேண்டிய பதிலைத்தான் அம்மா சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்திருக்காது. வயதாக ஆகச் சூட்டை உணர்கிற திறனும் தாகமும் சேர்ந்து மங்குகின்றன. உடம்பு கொதிக்கும்போதும் சௌகரியமாக இருப்பதாகவே தோன்றும். அதனால் "எப்படிம்மா இருக்கு" என்று கேட்பதில் பயனில்லை. அறை தெர்மாமீட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு, அதில் எண் என்ன என்று படிக்கச் சொல்லுங்கள். காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர், கடைசியாக எப்போது பாத்ரூம் போனீர்கள், சிறுநீர் என்ன நிறம் என்று கேளுங்கள். (கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள்.) வழக்கமாகப் பட்டென்று பதில் சொல்கிறவர் பேச்சில் தடுமாறினால் அதை வயசுக் கோளாறு என்று விடாமல் உடனே யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போன், அதில் ஒன்று சாயங்காலம், ஏனென்றால் பகல் முழுக்கச் சூடேறிய சுவர் அப்போதுதான் அறைக்குள் அதைக் கக்க ஆரம்பிக்கும்.

அவர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, சில ரத்த அழுத்த மருந்துகள், மனநோய்க்கான சில மருந்துகள், தூக்கம் வரவழைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரை இவையெல்லாம் வியர்வையையோ உடம்பின் நீரையோ பாதிப்பவை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் அளவை மாற்றலாம். இன்சுலின் இருந்தால், பயன்பாட்டில் உள்ள பேனாவும் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது.

1995 ஜூலையில் சிகாகோவில் சில நாள் வெப்பத்தில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர், ஐரோப்பா முழுக்கச் சேர்த்தால் 70,000-க்கும் மேல். இரண்டு இடத்திலும் அதிகம் போனது தனியாக இருந்த வயதானவர்கள். பிரான்ஸில் அது விடுமுறை மாதம், பிள்ளைகள் ஊரில் இல்லை. அடுத்த ஆண்டே அந்த நாடு வெப்ப எச்சரிக்கைத் திட்டம் கொண்டுவந்து, தனியாக இருப்பவர்கள் பெயரை உள்ளாட்சியில் பதிந்துகொண்டு போன் செய்து விசாரிக்கும் ஏற்பாட்டையும் செய்தது. ஓர் அரசாங்கமே போனைத்தான் நம்புகிறது.

கேள்வி: பாலைவனத்தில் 45 டிகிரியில் வேலை செய்கிறார்கள். இங்கே 35 டிகிரிக்கே இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பதில்: ஆர்ப்பாட்டம் ஈரப்பதத்துக்கு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்து சொட்டும், அவ்வளவுதான். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இதை அளக்க ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைப் பார்ப்பார்கள். அந்த எண் 35-ஐத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பின்னால் இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்தபோது ஈரமான சூட்டில் சுமார் 31-லேயே உடம்பின் சூடு கட்டுப்பாடு இல்லாமல் ஏறத் தொடங்கியது தெரிந்தது. அதுவும் இருபது வயதுக்காரர்களுக்கு.

கேள்வி: புதிதாக வெளிவேலையில் சேர்ந்திருக்கிறேன். முதல் நாளே முழு நேரம் வெயிலில். "ரெண்டு நாள்ல பழகிடும்" என்கிறார் மேஸ்திரி. பழகுமா?

பதில்: பழகும், ஆனால் இரண்டு நாளில் பழகாது. ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் உடம்பு சீக்கிரம் வியர்க்கக் கற்றுக்கொள்ளும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே நடப்பவை என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிறது. அதனால் அங்கே புதியவர்களுக்குப் பரிந்துரைக்கும் கணக்கு: முதல் நாள் வெயிலில் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் அதே அளவு கூட்டுவது. உங்கள் மேஸ்திரி இதற்குச் சம்மதிப்பாரா என்றால் சந்தேகம்தான், ஆனால் கனமான வேலையைக் காலையில் முடித்துக்கொள்ளக் கேட்கலாம், தனியாக நிற்காமல் ஜோடியாக நிற்கக் கேட்கலாம். பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்காகக் குடம் குடமாகவும் வேண்டாம். மணிக்குச் சுமார் 1.4 லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அது தனி ஆபத்தாகிவிடும்.

கேள்வி: வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒருவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டும், மற்றவர்கள் அதே நிமிஷத்தில் தண்ணீரை எடுக்கட்டும். வண்டி வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆள் உளறுகிறார், தள்ளாடுகிறார், எரிந்து விழுகிறார், வலிப்பு வருகிறது என்றால் உடம்பின் உள்சூடு 40-ஐத் தாண்டியிருக்கலாம், அப்போது ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்குச் சேதம். நிழலுக்கு இழுத்து, மேல்துணியைத் தளர்த்தி, கையில் கிடைத்த தண்ணீரையெல்லாம் ஊற்றி விசிறுங்கள். பெரிய தொட்டி இருந்தால் கழுத்துவரை குளிர்ந்த தண்ணீரில் உட்காரவைத்து, தலை மூழ்காமல் ஒருவர் பிடித்துக்கொள்வது இன்னும் வேகமாக வேலை செய்யும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது. "வியர்த்துத்தான் இருக்கிறது, ஆகவே ஹீட் ஸ்ட்ரோக் (வெப்பத் தாக்கு) இல்லை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேலை செய்துகொண்டிருந்து விழுகிறவருக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: ஐந்து நிமிஷம்தானே என்று குழந்தையைக் காரில் விட்டுவிட்டுப் போகலாமா, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு?

பதில்: கூடாது. பத்து நிமிஷத்தில் காருக்குள் 10 டிகிரி ஏறிவிடும், ஜன்னலை இறக்குவதால் பெரிய வித்தியாசம் இல்லை. நாய்க்கும் இதே பதில்.

கேள்வி: புகை வந்தால் வானம் ஏன் ஆரஞ்சு நிறமாகிறது?

பதில்: நீல ஒளியைப் புகைத்துகள்கள் சிதறடித்தும் விழுங்கியும் விடுகின்றன, சிவப்பும் ஆரஞ்சும் தப்பித்து வந்து சேர்கின்றன. 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடுப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும், ஜன்னலுக்கு உள்ளே இருந்து எடுங்கள்.

கேள்வி: வெப்ப அலையில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை பால்கனியில் வைத்து ஓட்டினோம். ராத்திரி எல்லோருக்கும் தலைவலி. ஆக்சிமீட்டரில் 98 காட்டியது, அதனால் விட்டுவிட்டோம். சரிதானே?

பதில்: தப்பித்தீர்கள். ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஜெனரேட்டர் புகையில் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடு. விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா அந்த வாயுவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்து 98 என்று காட்டிவிடும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி எந்த ஜன்னலையும் பார்க்காமல் இருக்க வேண்டும். பால்கனி, கார் ஷெட், மாடிப்படி அடி எதுவும் ஆகாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள். இனி அந்தத் தலைவலி வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டிவந்துவிட்டு, அப்புறம் போனை எடுங்கள்.